கார்பெட்டுக்கு அடியில் தண்ணீர்: சன்ரூஃபை ஒட்டி அடைத்துவிடலாமா?

மழை தொடங்கிவிட்டால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைப் பற்றித்தான் இருக்கும். காருக்குள் தண்ணீர் வருகிறது, எங்கிருந்து என்று தெரியவில்லை. இந்த முறை ஒரு வாசகி மிக விவரமாக எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய காருக்கு ஏழு வயது. இரண்டு வருடங்களுக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார். சன்ரூஃப் உள்ள வண்டி. வீட்டு வாசலில் மரத்தடியில், முன்பக்கம் தாழ்ந்த சரிவில் நிறுத்துவது வழக்கம். மழை பெய்த மறுநாள், டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்காரும் அம்மாவின் கால் நனைகிறது. மிதியடியைத் தூக்கினால் கார்பெட் சொதசொதவென்று இருக்கிறது. ரூஃப் லைனிங்கில் கறை இல்லை. காலையில் ஏசி ஃபேனைப் போட்டதும் டாஷ்போர்டுக்குள் தண்ணீர் சலசலக்கும் சத்தம் கேட்கிறது, கொஞ்ச நேரத்தில் கண்ணாடியெல்லாம் பனி பிடித்துவிடுகிறது. ஆனால் ஆபீஸில் சமதளத்தில், வெட்டவெளியில் நின்ற நாட்களில் எவ்வளவு மழை பெய்தாலும் உள்ளே ஒரு சொட்டு கூட வருவதில்லை.

ஒரு ஷெட்டில், சன்ரூஃப் ஓரம் முழுக்க சிலிக்கான் போட்டு நிரந்தரமாக அடைத்துவிடலாம் என்றார்களாம். இன்னொரு ஷெட்டில், முன் கண்ணாடியைக் கழற்றி மறுபடி ஒட்ட வேண்டும் என்றார்களாம். தம்பி கம்ப்ரஸர் காற்றைக் குழாய்களில் அடித்துப் பார்க்கிறேன் என்கிறார். கணவர், வெயிலில் நிறுத்தினால் தானாகக் காய்ந்துவிடும் என்கிறார். கணவரின் நண்பர் இன்னும் ஒரு படி மேலே போய், வெள்ளத்தில் நின்றதாகச் சொல்லி இன்ஷூரன்ஸ் வாங்கிவிடலாம் என்கிறார். “எதைக் கேட்பது? அம்மாவுக்கு வீசிங் இருக்கிறது, இந்த வாடை அவருக்கு ஆகுமா? பேசாமல் வண்டியை விற்றுவிடட்டுமா?” என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. எந்த இடத்தில், எந்தச் சரிவில் நின்றபோது ஒழுகியது, எப்போது ஒழுகவில்லை என்று இவ்வளவு துல்லியமாகக் கவனித்து எழுதுபவர்கள் குறைவு. அந்த விவரங்களை வைத்தே பேசலாம். அதற்கு முன் ஒரு தப்பான எண்ணத்தைத் திருத்திவிடுகிறேன். நீங்கள் கேட்ட ஆலோசனைகளில் பலவும் அந்த எண்ணத்திலிருந்துதான் வந்திருக்கின்றன.

கார் என்பது தண்ணீர் புகாத டப்பா என்று நாம் நினைக்கிறோம். அதனால் உள்ளே ஈரம் கண்டால், எங்கோ ரப்பர் போய்விட்டது, அடைக்க வேண்டும் என்று முடிவுக்கு வருகிறோம். உண்மையில் காரை வடிவமைத்தவர்கள், தண்ணீர் ஓரளவு புகத்தான் செய்யும் என்று வைத்துக்கொண்டே வடிவமைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தில் மழை கொட்டும். கதவுக் கண்ணாடியை ஒட்டி வழியும் நீரில் ஒரு பங்கு கதவுக்குள்ளேயே இறங்கும். சன்ரூஃப் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரைத் தாண்டியும் கொஞ்சம் கசியும். இந்த மூன்று இடங்களிலும் புகுந்த தண்ணீரை ஏந்தி, வழிகாட்டி, தரையில் விட்டுவிட வடிகால்கள் இருக்கின்றன. அந்த வடிகால் அடைபடும்போதுதான் தண்ணீர் கார்பெட்டைத் தேடி வருகிறது. மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கினால் முதலில் குழாய் வாயில் சருகு இருக்கிறதா என்றுதானே பார்ப்போம்? காருக்கும் அதே முறைதான்.

அதனால், சிலிக்கான் போடச் சொன்ன யோசனையை முதலில் தள்ளி வையுங்கள். சன்ரூஃபின் வெளி ரப்பரை ஒட்டி அடைத்தாலும் ஓடுகிற வண்டியின் அதிர்விலும் வெயிலிலும் அந்தப் பூச்சு சில காலத்தில் விரிசல் விடும். உள்ளே வழிந்த பசை வடிகால் துவாரத்தையும் மூடியிருந்தால், அதற்கப்புறம் கசிகிற நீருக்குப் போக்கிடமே இருக்காது. வேறொருவர் பூசிய சிலிக்கானைச் சுரண்டி எடுப்பது எங்கள் வேலையில் மிகவும் சலிப்பான வேலை. அதற்கு ஆகும் நேரத்தில் சன்ரூஃபின் நான்கு வடிகால்களையும் இரண்டு முறை சுத்தம் செய்துவிடலாம்.

உங்கள் வண்டியில் எங்கே கோளாறு?

என் சந்தேகம் சன்ரூஃப் மீது இல்லை. முன் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் பள்ளத்தின் மீதுதான். ஷெட்டில் இதைக் கவ்ல் என்பார்கள். வைப்பர் தண்டுகள் முளைத்து நிற்கிற, கறுப்பு பிளாஸ்டிக் சல்லடை போட்ட பகுதி. முன் கண்ணாடியில் விழும் மழை முழுவதும் இந்தச் சல்லடை வழியாகக் கீழே ஒரு தொட்டியில் விழுந்து, இரண்டு ஓரங்களிலும் உள்ள துவாரங்கள் வழியாக முன் சக்கரத்துக்குப் பின்னால் வெளியேற வேண்டும். இதே தொட்டியில்தான் ஏசி ஃபேன் வெளிக்காற்றை இழுக்கும் வாயும் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அந்த வாய் டிரைவருக்குப் பக்கத்து சீட் பக்கமாகவே அமைந்திருக்கும். ஓர துவாரங்கள் அடைபட்டால் தொட்டியில் நீர்மட்டம் ஏறும். காற்று வாயின் விளிம்பைத் தாண்டியதும் ஃபேன் கூட்டுக்குள் இறங்கும், அங்கிருந்து உங்கள் அம்மாவின் கால்மாட்டுக்கு வரும்.

நீங்கள் எழுதிய அடையாளங்கள் எல்லாம் இதோடு பொருந்துகின்றன. ஃபேன் போட்டதும் கேட்கும் சலசலப்பு, ஃபேன் கூட்டில் தேங்கிய நீரைக் காற்று அலைக்கழிக்கும் சத்தம். முன்பக்கம் தாழ்ந்து நிற்கும்போது மட்டும் ஒழுகுவது, தொட்டியில் நீர் ஒரு பக்கமாகக் கூடி நிற்பதால். சமதளத்தில் அதே நீர் பரவி நிற்கிறது, பாதி அடைபட்ட துவாரம் வழியாக மெதுவாக வடிந்தும் விடுகிறது. மரத்தடி என்றாலே சருகு, பூ, மகரந்தம், காம்பு எல்லாம் சல்லடைக்குள் இறங்கும். அப்புறம் அவை நனைந்து நனைந்து கறுப்புச் சேறாகிவிடும். ஒரு வண்டியில் சல்லடையைக் கழற்றியபோது அந்தச் சேற்றில் ஒரு சின்னச் செடி இரண்டு இலை விட்டு முளைத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். வண்டியின் சொந்தக்காரர் வாரா வாரம் மெழுகு போட்டுத் துடைப்பவர். மேலே அவ்வளவு பளபளப்பு, அடியில் ஒரு பிடி மண்!

ஆனாலும் சன்ரூஃபை முழுதாக விடுவிக்க முடியாது. சன்ரூஃபின் முன் மூலைக் குழாய் கண்ணாடிக்கு ஓரத்தில் உள்ள தூணுக்குள் இறங்கி வருகிறது. அது மேலே அடைபட்டால் ரூஃப் லைனிங் நனையும், கறை தெரியும். கீழ் முனையில் கழன்றிருந்தால் லைனிங் காய்ந்தே இருக்கும், தண்ணீர் நேராகக் கால்மாட்டில்தான் கொட்டும். அதனால் இரண்டையும் சோதித்துப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

முன் கண்ணாடியைக் கழற்றச் சொன்ன ஷெட்டுக்கு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “தண்ணீர் ஊற்றி, எங்கே ஒழுகுகிறது என்று எனக்குக் காட்ட முடியுமா?” காட்டினால் சரி, கண்ணாடி ஒட்டு போயிருக்கலாம், அதுவும் நடப்பதுதான். காட்டாமல் பெரிய வேலைக்கு மதிப்பீடு எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒழுகும் இடத்தைப் பார்த்த பிறகு வேலைக்குச் சம்மதிப்பது உங்கள் உரிமை. கேட்பதில் சங்கடமே வேண்டாம்.

மழைநீர்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

ஏசி ஓடும்போது உள்ளே குளிர்ந்த குழாய்களில் வியர்த்து வழியும் நீரும் ஒரு சின்னக் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். அந்தக் குழாய் அடைபட்டாலும் அதே பக்கத்துக் கார்பெட்தான் நனையும். வித்தியாசம் எளிது. மழையே இல்லாத நாளில் ஏசி போட்டு நீண்ட தூரம் போய் வந்து கார்பெட் நனைந்தால் அது ஏசி நீர். ஏசி ஓடியும் வண்டிக்கு அடியில் சொட்டுச் சொட்டாக நீர் விழவில்லை என்றாலும் அந்தக் குழாயைச் சந்தேகிக்கலாம்.

இன்னொன்று, ஹீட்டரிலிருந்து கசியும் கூலண்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம். கையில் தொட்டால் பிசுபிசுக்கும், லேசான இனிப்பு வாடை வரும், கண்ணாடியில் எண்ணெய் போல ஒரு படலம் படியும், என்ஜின் பக்கத்து டப்பாவில் அளவு குறைந்துகொண்டே வரும். அது விஷம். அப்படி இருந்தால் வடிகாலை எல்லாம் விட்டுவிட்டு உடனே ஷெட்டுக்குப் போங்கள். நீங்கள் எழுதியதில் அதற்கான அடையாளம் எதுவும் இல்லை.

கவ்ல் பள்ளத்தைச் சுத்தம் செய்வது

இதை வீட்டிலேயே செய்யலாம், தம்பியின் உதவியும் இருக்கிறது. பானட்டைத் திறந்து, முன் கண்ணாடிக்கு அடியில் இரண்டு ஓரங்களிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். சில வண்டிகளில் கையை விட்டே சருகை அள்ளிவிடலாம். சிலவற்றில் வைப்பர் கைகளைக் கழற்றிச் சல்லடையைத் தூக்க வேண்டியிருக்கும். கழற்றுவதற்கு முன், வைப்பர் நிற்கும் இடத்தைக் கண்ணாடியில் ஒரு துண்டு டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது வைப்பர் கோணலாக நின்று, கண்ணாடி ஓரத்தில் இடிக்கும். சல்லடையைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள் ஏழு வருட வெயிலில் இறுகி, தொட்டதும் உடையும் நிலைக்கு வந்திருக்கும். மாற்றுக் கிளிப் நாலைந்து கையில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

உள்ளே தெரியும் காற்று வாயை முதலில் ஒரு துணியால் மூடுங்கள். பிறகு சருகையும் சேற்றையும் கையால் அள்ளி எடுங்கள், மீதியை ஈரம் உறிஞ்சும் வேக்குவத்தால் இழுங்கள். ஹோஸ் பைப்பை வைத்துப் பீய்ச்சி அடித்துத் தள்ளிவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். மேலே கிடக்கும் சேறு துவாரத்துக்குள் போய் இறுகிக்கொள்ளும், அப்புறம் சக்கரத்துக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் உறையையும் கழற்ற வேண்டியதாகிவிடும்.

சருகெல்லாம் போனதும் இரண்டு ஓரங்களிலும் துவாரங்கள் தெரியும். சிலவற்றில் வாத்து அலகு போல ஒரு ரப்பர் வாய் இருக்கும். வெளியிலிருந்து தூசியும் பூச்சியும் ஏறாமல் இருக்க வைத்தது அது. ஆனால் சேறு சேர்ந்தால் அந்த உதடுகளே ஒட்டிக்கொள்ளும். விரலால் அழுத்திப் பிரித்துவிடுங்கள். துணியை எடுக்காமலே ஒவ்வொரு ஓரத்திலும் ஒரு லிட்டர் தண்ணீரை நிதானமாக ஊற்றுங்கள். முன் சக்கரத்துக்குப் பின்னால் தடதடவென்று கொட்ட வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுந்தால் அடைப்பு இன்னும் போகவில்லை என்று அர்த்தம்.

இந்த வேலை முடிந்ததும், உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரையும் கழற்றிப் பாருங்கள். பல வண்டிகளில் டாஷ்போர்டில் உள்ள கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். அது நனைந்து, அடியில் பழுப்புக் கறையோ கறுப்புப் புள்ளிகளோ இருந்தால் தண்ணீர் காற்று வாய் வழியாகத்தான் வந்தது என்பதற்கு நல்ல சாட்சி. புதியது போடுங்கள், பழையதைக் காயவைத்து மறுபடி மாட்டாதீர்கள்.

சன்ரூஃப் குழாய்கள், தம்பியின் கம்ப்ரஸர்

பெரும்பாலான சன்ரூஃப்களில் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு வடிகால் இருக்கும். முன் இரண்டும் முன் தூண்களுக்குள் இறங்கிக் கதவுக் கீல் அருகிலோ சக்கரப் பகுதியிலோ திறக்கும். பின் இரண்டும் பின் தூண்களுக்குள் இறங்கிப் பின் பம்பர் பக்கமாகத் திறக்கும். சன்ரூஃபைத் திறந்து, சுற்றியுள்ள வாய்க்காலை ஈரத்துணியால் துடைத்தால் முன் மூலைகளில் துவாரம் கண்ணில் படும். ஒரு டம்ளரில் பாதி தண்ணீர் எடுத்து மூலையில் மெதுவாக விடுங்கள், தம்பியைக் கீழே பார்க்கச் சொல்லுங்கள். சில நொடிகளில் வெளியே சொட்டினால் அந்தக் குழாய் நன்றாக இருக்கிறது. தண்ணீர் போய்விட்டது, ஆனால் வெளியே வரவில்லை என்றால் உடனே நிறுத்திவிடுங்கள். அது வண்டிக்குள்தான் எங்கோ போகிறது. அந்த நிலையில் தூணின் உறையைக் கழற்றிக் குழாயைப் பார்க்க வேண்டும், அது ஷெட்டில் செய்ய வேண்டிய வேலை.

கம்ப்ரஸர் காற்றை அடிக்கத் தம்பியை விடாதீர்கள். அவர் அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் அந்தக் குழாய்கள் மேலே ஒரு சின்ன மூக்கில் வெறும் இறுக்கத்தால் மட்டும் செருகப்பட்டிருக்கும். கீழே அடைப்பு இருக்கும்போது மேலிருந்து அழுத்தமாகக் காற்றடித்தால், அடைப்பு போவதற்குப் பதில் குழாய் மூக்கிலிருந்து கழன்றுவிடும். கழன்றது ரூஃப் லைனிங்குக்குப் பின்னால் என்பதால் யாருக்கும் தெரியாது. அடுத்த மழையில் தண்ணீர் முழுவதும் உள்ளே. அதுவரை சாதாரண அடைப்பாக இருந்தது, அதற்கப்புறம் லைனிங்கை இறக்கிச் செய்ய வேண்டிய வேலையாகிவிடும்.

கம்பியும் வேண்டாம். கூரான முனை குழாயைக் கிழித்துவிடும், பக்கக் கண்ணாடிகளை மறைத்து விரியும் கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டிகளில் அது மடித்து வைக்கப்பட்டிருப்பதும் அந்தக் கூரை ஓரத்தில்தான். புல்வெட்டும் இயந்திரத்தில் போடும் நைலான் நரம்பு இதற்கு மிகவும் பொருத்தம். முனையைத் தீயில் லேசாகக் காட்டி மழுங்க வைத்து, திருகித் திருகி மெதுவாக இறக்குங்கள். தடுத்தால் பின்னுக்கு இழுத்து மறுபடி முயலுங்கள், குத்தித் தள்ள வேண்டாம். வெளி முனை கைக்கு எட்டினால் அங்கிருந்து வேக்குவத்தால் உறிஞ்சுவது இதைவிடப் பாதுகாப்பானது.

ரப்பருக்குப் போடுவதாக இருந்தால் சிலிக்கான் கிரீஸ் மட்டும் போடுங்கள், மேலே சொன்ன ஒட்டும் பசை வேறு, இது வேறு. கார் ரப்பர்களில் பெரும்பாலானவை பெட்ரோலிய எண்ணெயும் சாதாரண கிரீஸும் பட்டால் ஊதிப்போய் வடிவம் இழக்கும் வகையைச் சேர்ந்தவை.

கதவுகளையும் ஒரு பார்வை பாருங்கள். கதவின் அடி விளிம்பில் சின்னச் சின்னப் பிளவுகள் இருக்கும், அவைதான் கதவுக்குள் இறங்கிய நீரின் வெளிவழி. கதவைத் திறந்து மூடும்போது உள்ளே தண்ணீர் ஆடும் சத்தம் கேட்டால் ஒரு பிளாஸ்டிக் குச்சியால் அவற்றைக் கிளறிவிடுங்கள். துருப்பிடிக்காமல் இருக்க அடியில் அடிக்கும் கறுப்புப் பூச்சு இந்தப் பிளவுகளையே மூடிவிடுவதும் உண்டு. ஸ்பீக்கரோ பவர் விண்டோவோ யாராவது கழற்றி மாட்டியிருந்தால், கதவு உறைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைச் சரியாக ஒட்டாமல் விட்டிருக்கலாம். அந்த வழியாகவும் கார்பெட் நனையும்.

வெயிலில் காய்ந்துவிடுமா?

காயாது. உங்கள் கணவரிடம் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்லுங்கள். கார்பெட்டின் மேல் துணி ஒரு நாளில் காய்ந்துவிடும், கையால் தடவினால் உலர்ந்ததாகவே தோன்றும். அதற்கு அடியில் இருக்கும் பஞ்சு லிட்டர் கணக்கில் நீரைப் பிடித்து வைத்திருக்கும். கண்ணாடிகளை மூடி வெயிலில் நிறுத்தினால் அந்த நீர் ஆவியாகி, இரவில் கண்ணாடியிலும் லைனிங்கிலும் படிந்து, மறுபடி கீழே இறங்கும். நீங்கள் சொன்ன பனி பிடிப்பதும் இதனால்தான்.

சரியான வழி, சீட்டைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி, பஞ்சைத் தனியாக எடுத்து, உறிஞ்சி, வெளியே காற்றோட்டத்தில் காயவைப்பது. இதை மட்டும் ஷெட்டில் கொடுங்கள் என்பேன். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர்கள் இருக்கும், அவை ஏர்பேக், சீட் பெல்ட் சம்பந்தப்பட்டவை. பேட்டரி இணைப்பைக் கழற்றி, சில நிமிடங்கள் பொறுத்த பிறகே அவற்றைத் தொட வேண்டும். பல கார்களில் சீட்டுக்கு அடியிலோ கால்மாட்டிலோ கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் வயர் இணைப்புகளும் இருக்கின்றன. ஈரத்தில் அவற்றின் முனைகள் பச்சை பூத்து, சில மாதம் கழித்து லைட் தானாக எரிவது, லாக் வேலை செய்யாமல் போவது, ஏர்பேக் விளக்கு அணையாமல் இருப்பது என்று சம்பந்தமே இல்லாததுபோல் கோளாறுகள் வரும். அப்போது யாருக்கும் மழை நினைவுக்கு வராது. கார்பெட்டைத் தூக்கும் அன்றே அந்த இணைப்புகளையும் பார்த்து, காயவைத்து, படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

கார்பெட் தூக்கியிருக்கும்போது இன்னொன்றும் கவனியுங்கள். சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் கனத்த துரு, உறைகளுக்குப் பின்னால் ஒரே மட்டத்தில் சேற்றுக் கோடு, ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் நுண்ணிய வண்டல் இவையெல்லாம் இருந்தால், நீங்கள் வாங்கும் முன்பே வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கலாம். விற்றவர் அதை மறைத்திருந்தால் உங்களுக்குச் சட்டப்படி வழி இருக்கிறதா என்பதை, வாங்கிய காகிதங்களோடு ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். அதற்கும் இந்தப் படங்கள் உதவும்.

அம்மாவின் உடல்நிலை

இந்தக் கேள்வியை நீங்கள் கடைசியில் எழுதியிருந்தாலும் எனக்கு இதுதான் முதலில் கண்ணில் பட்டது. நான் மருத்துவன் அல்ல, அவரைப் பார்க்கும் டாக்டரிடம் கேட்க வேண்டியது அது. ஆனால் ஈரமும் பூஞ்சையும் ஆஸ்துமா உள்ளவர்களின் தொந்தரவைக் கூட்டும் என்பதில் சந்தேகம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் கட்டடங்களின் உள்காற்றைப் பற்றியது என்றாலும், ஈரமும் பூஞ்சையும் சுவாசத் தொல்லைகளோடு தொடர்புடையவை என்று தெளிவாகவே சொல்கிறது. கார் அதைவிடச் சின்ன இடம், நனைந்த ஃபேன் கூட்டிலிருந்து வரும் காற்று நேராக முகத்தில் அடிக்கிறது. நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் முழுதாகக் காயவைத்துவிட்டால் பூஞ்சை பெரும்பாலும் பிடிக்காது. உங்கள் வண்டியில் அந்தக் கெடு எப்போதோ கடந்துவிட்டது. அதனால் பஞ்சில் வாடை ஏறியிருந்தால் காயவைப்பதோடு நிறுத்தாமல் அதை மாற்றிவிடுங்கள். வாசனைத் திரவியம் தொங்கவிடுவது வாடையை மறைக்குமே தவிர பூஞ்சையை ஒன்றும் செய்யாது, வீசிங் உள்ளவருக்கு அந்த வாசனையே ஆகாமல் போகலாம். வேலை முடியும் வரை அம்மாவை இந்த வண்டியில் ஏற்றாதீர்கள்.

இன்ஷூரன்ஸும் விற்பனையும்

பொதுவாக வாகன இன்ஷூரன்ஸ் திடீரென்று நேரும் சேதத்துக்குத்தான். தேய்மானம், பராமரிப்புக் குறைவு, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்பட்ட சேதம் ஆகியவற்றை விலக்கி வைப்பது வழக்கம். அடைபட்ட வடிகால் இந்த இரண்டாவது வகையில்தான் வரும். உங்கள் பாலிசியின் விலக்குப் பகுதியை ஒருமுறை படித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி சொல்லிக் கேட்டுப் பாருங்கள், அதில் தவறில்லை. வெள்ளத்தில் நின்றது என்று சொல்வது மோசடி. சர்வேயர் வந்து பார்த்தால் சேறும் வண்டலும் இல்லாமல் ஒரு பக்கக் கார்பெட் மட்டும் நனைந்திருப்பது சுலபமாகத் தெரிந்துவிடும். கிளெய்ம் போவதோடு வழக்கும் வரலாம், பின்னால் உண்மையாகவே ஒரு விபத்து நேர்ந்தால் உங்கள் பேச்சுக்கு மதிப்பு இருக்காது. நண்பர் சொன்னதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

விற்பதைப் பற்றி: இந்த ஒரு கோளாறுக்காக விற்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. நான் நினைப்பது சரியாக இருந்தால் இது அரை நாள் சுத்தம் செய்யும் வேலை, கார்பெட்டுக்கு ஓரிரு நாள். வயர் இணைப்புகள் பரவலாகக் கெட்டிருந்தாலோ தரைத் தகடு துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தாலோ அப்போது கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எப்படியும், விற்பதாக இருந்தால் வாங்குபவரிடம் சொல்லி விற்றுவிடுங்கள். உங்களிடம் யாராவது இப்படி மறைத்து விற்றிருந்தால் எவ்வளவு கோபம் வந்திருக்கும்? சரிசெய்த பில்லும் படங்களும் கையில் இருந்தால், சொல்லி விற்பதால் பெரிய நஷ்டம் வராது.

இனி எந்த வரிசையில் செய்வது

முதலில் கவ்ல் பள்ளம், இரண்டு ஓரமும். அப்புறம் சன்ரூஃபின் நான்கு மூலைகளில் டம்ளர் சோதனை. இரண்டும் முடிந்ததும் கேபின் ஃபில்டரைக் கழற்றிய நிலையிலேயே, வண்டியை வழக்கமான சரிவில் நிறுத்தி, தம்பியை டார்ச்சோடு கால்மாட்டில் உட்கார வையுங்கள். வெளியே ஹோஸ் பைப்பில் அழுத்தம் இல்லாமல் தண்ணீரை விடுங்கள். கீழிருந்து தொடங்கி மேலே போக வேண்டும், ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம். மேலிருந்து தொடங்கினால் வழிகிற நீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எது ஒழுகியது என்று தெரியாது. சந்தேகமான இணைப்புகளை ஒட்டி டிஷ்யூ பேப்பர் துண்டுகளைச் செருகி வைத்தால், எந்தத் துண்டு முதலில் நனைகிறதோ அங்கே தேடலாம். ஒழுகல் நின்றது என்று இப்படிப் பார்த்து உறுதி செய்த பிறகுதான் கார்பெட் வேலைக்குக் கொடுங்கள். முதலிலேயே கொடுத்துவிட்டால் அடுத்த மழையில் அதே செலவு மறுபடி வரும்.

இனி மழைக்காலத்துக்கு முன் ஒரு முறை, முடிந்ததும் ஒரு முறை கவ்ல், சன்ரூஃப் இரண்டின் வடிகால்களையும் பாருங்கள். மரம் இலை உதிர்க்கும் நாட்களில் பானட்டைத் திறந்து சருகை அள்ளிவிடுவது இரண்டு நிமிட வேலை. முடிந்தால் மரத்தடியை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள். வாட்டர் சர்வீஸுக்கு விடும்போது அழுத்தப் பீய்ச்சியைக் கவ்ல் சல்லடைக்கும் சன்ரூஃப் விளிம்புக்கும் நேராகப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கார்பெட்டை விரித்து மாட்டிய பிறகு முதல் பெருமழை வரும் வரை பொறுத்திருங்கள். மறுநாள் காலை மிதியடியைத் தூக்கி, ஒரு டிஷ்யூவை வைத்துக் கால்மாட்டின் ஆழமான மூலையில் உள்ளங்கையால் ஊன்றி அழுத்துங்கள். டிஷ்யூ காய்ந்தபடியே வந்தால் அம்மாவை முன் சீட்டில் உட்கார வைக்கலாம்.